ஏழு வயது மகனுக்கு ஓட்டிசம்: எந்தப் பள்ளிக்கூடம், வீட்டில் எதைப் பழக்குவது?

யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகனுக்கு 7 வயது, ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். பத்துப் பதினைந்து சொல் கதைப்பார். கடைப் பெயர்ப்பலகைகளைக் கடகடவென்று வாசிப்பார். ஆனால் சாப்பாடு தீத்த வேண்டும், தண்ணி வார்க்க வேண்டும், உடுப்பு மாட்டிவிட வேண்டும். தரம் 2 வகுப்பில் கதிரையில் இருக்கிறார் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் முறைப்பாடு. விசேட பாடசாலைக்கு மாற்றுவதா? வீட்டில் எங்கே தொடங்குவது?

வீட்டுக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். எந்தப் பள்ளிக்கூடம் பொருந்தும் என்பதைப் பிள்ளையின் படிப்பைவிட, பிள்ளைக்கு எத்தனை தடவை ஒரு பெரிய ஆளின் கை தேவைப்படுகிறது என்பதுதான் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. எங்கள் வீடுகளில் அந்தக் கை தாராளமாகக் கிடைக்கும். அம்மம்மா குழைத்துத் தீத்துவார், மாமி சப்பாத்து மாட்டிவிடுவார். பாசம்தான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டிசம் உள்ள பிள்ளை மற்றவர்களைப் பார்த்துத் தானாகப் பழகிக்கொள்வது குறைவு. செய்து கொடுத்தால், செய்து கொடுப்பதையே ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பழக்குவது என்றால், கொடுக்கிற உதவியை ஒரு ஒழுங்கில் கழற்றிக்கொண்டு போவது.

அதற்கு முன் இரண்டு சோதனை. ஒன்று, காது. வாசிக்கிற, பாட்டுக்குத் திரும்புகிற பிள்ளைக்குக் காது கேட்கும்தானே என்று விட்டுவிடுவார்கள். ஒரு பக்கக் குறைபாடோ காதுக்குள் நீர் கோர்த்ததோ அப்படித் தெரியவராது. கேட்டல் பரிசோதனை எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, வாசிப்பு. ஒரு கடதாசியில் “கதவைச் சாத்துங்கோ” என்று எழுதி, வாய் திறக்காமல் மகனிடம் நீட்டுங்கள். வாசித்துவிட்டு அப்படியே நின்றால், அவருக்கு எழுத்து இன்னும் ஓசை மட்டும்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினால் உங்களிடம் பெரிய ஆயுதம் இருக்கிறது: இனி வாயால் பத்துத் தரம் சொல்வதை ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல், “நல்லா வாசிக்கிறான், படிப்பு வரும்” என்று ரியூசனுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தரம் 2 பிள்ளைக்கு ரியூசன் எதற்கு என்பது வேறு கதை.

இனிக் குளிப்பு. இதை ஒன்றை விரித்துச் சொல்கிறேன். மற்றவை எல்லாம் இதே அச்சுத்தான்.

“குளி” என்பது நமக்கு ஒரு வேலை. பிள்ளைக்கு அது 14 வேலை: துவாயைக் கொழுவியில் போடுவது, உடுப்பைக் கழற்றிக் கூடைக்குள் போடுவது, ஒரு ஜொக் தண்ணியைக் காலில் ஊற்றுவது, பிறகு தோளில், பிறகு தலையில், சவர்க்காரத்தைக் கையில் தேய்ப்பது, கழுத்தும் காதுக்குப் பின்னாலும், கையும் கமக்கட்டும், நெஞ்சும் வயிறும், முன்பக்கமும் பின்பக்கமும், காலும் பாதமும், நுரை போகக் கழுவுவது, துடைப்பது, கடைசியாகத் துவாயைக் கொடியில் விரிப்பது. முதலில் நீங்களே ஒரு தரம் குளித்து, உங்கள் குளியலறைக்கு ஏற்றபடி இந்த வரிசையை எழுதுங்கள். பிறகு அதை மாற்றாதீர்கள். அப்பா வார்க்கும்போது தலையில் தொடங்கி, அம்மா வார்க்கும்போது காலில் தொடங்கினால் பிள்ளைக்கு அது இரண்டு வேறு வேலை.

பழக்குவது பின்னாலிருந்து. முதல் 13 படியையும் வழக்கம்போல நீங்கள் செய்யுங்கள். கடைசிப் படியை, துவாய் விரிப்பதை, மகன் செய்யட்டும். அது முடிந்த கையோடு குளிப்பும் முடிந்தது, அவருக்கு விருப்பமானது கிடைக்கிறது. வேலையை முடித்தவர் அவர். முன்னாலிருந்து தொடங்கினால் பிள்ளை முதல் படியைச் செய்தபின் இன்னும் 13 படிக்கு நின்று இழுபட வேண்டும்; அழுகை அங்கேதான் வருகிறது. துவாய் விரிப்பது மூன்று நாள் தொடர்ந்து உதவியில்லாமல் நடந்தால், துடைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதவி செய்யும்போது பிள்ளைக்குப் பின்னால் நில்லுங்கள். முன்னால் நின்றால் உங்கள் கை போகிற திசையும் அவர் கை போக வேண்டிய திசையும் எதிரெதிர். அதோடு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தேவையானால் அவர் கையின்மேல் கை வைத்துச் செய்யுங்கள். பிறகு மணிக்கட்டை மட்டும், பிறகு முழங்கையில் ஒரு தொடுகை, பிறகு விரலால் காட்டுவது, பிறகு சும்மா நிற்பது. ஒவ்வொரு உதவிக்கும் முன் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து செக்கன் பொறுக்க முடியாமல்தான் முக்கால்வாசிப் பழக்கம் பழுதாகிறது.

செய்கிற நேரத்தில் கதைக்காதீர்கள். “தண்ணி ஊத்து, சோப் போடு, கைய நீட்டு” என்று ஒவ்வொரு படிக்கும் வாயால் சொன்னால், அந்தச் சொல்லும் வேலையின் ஒரு பகுதியாகிவிடும். 17 வயதிலும் வாசலில் நின்று ஒருவர் “சோப் போடு” என்று சொன்னால்தான் சோப் போடுவார். கையால் கொடுக்கும் உதவியைக் கழற்றலாம், வாயால் கொடுப்பதைக் கழற்றுவது மிகக் கடினம். வரிசையை எழுதியோ படமாகவோ ஈரம் படாத உறையில் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த படியை மறந்தால் சுவரைக் காட்டுங்கள்.

எல்லா வீட்டிலும் சிக்குகிற ஒரு படி, நுரை கழுவுவது. “வடிவாக் கழுவு” என்றால் எவ்வளவு? முடிவு தெரியாத வேலையை ஓட்டிசம் உள்ள பிள்ளை ஒன்றில் உடனே விட்டுவிடும், அல்லது வாளி தீரும்வரை ஊற்றும். ஐந்து உடுப்புக் கிளிப்பை வாளி விளிம்பின் இடப்பக்கம் மாட்டுங்கள். ஒரு ஜொக் ஊற்றினால் ஒரு கிளிப் வலப்பக்கம் போகும். இடப்பக்கம் வெறுமையானால் கழுவி முடிந்தது. பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் நுரை எஞ்சினால் கிளிப்பைக் கூட்ட வேண்டாம். முதல் ஜொக் எங்கே ஊற்றுவது என்பதை மாற்றுங்கள்.

தலையில் தண்ணி விழுந்தால் அலறுகிற பிள்ளைகள் உண்டு. அது பிடிவாதம் இல்லை. எப்போது, எவ்வளவு குளிராக விழும் என்று தெரியாததுதான் பயம். ஜொக்கை அவர் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மார்கழி விடியற்காலையில் கிணற்றுத் தண்ணியில் பழக்கத் தொடங்க வேண்டாம். பின்னேரம் வெயிலில் வைத்த வாளி போதும்.

கிணறு என்றதும் ஒரு விஷயம், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் சொல்லாமல் வெளியே நடந்துவிடுவது சாதாரணம். தண்ணியின் மினுக்கமும் அசைவும் பலரை இழுக்கும். அப்படிப் போன பிள்ளைகள் உயிரிழக்கும்போது பெரும்பாலும் காரணம் நீரில் மூழ்குவது. உங்கள் வீட்டுக் கிணற்றுக்கு வலையோ கம்பி மூடியோ இருக்கலாம். பக்கத்து வளவில் கட்டு இடிந்த தோட்டக்கிணறும் கோயில் கேணியும் இருக்கும். படலைக்கு மேல்பக்கமும் ஒரு கொழுக்கி போடுங்கள். தொலைபேசி இலக்கத்தைக் கைவளையத்திலோ சேட்டின் உட்புறத்திலோ எழுதுங்கள். அயலவர்களிடம், “தனியக் கண்டால் மறிச்சுப்போட்டுக் கூப்பிடுங்கோ” என்று வெட்கப்படாமல் சொல்லிவையுங்கள். காணாமல் போனால் முதலில் தேட வேண்டிய இடம் தண்ணி. ரோட்டுக்குப் பிறகு போகலாம். வசதி கிடைத்தால் நீச்சல் பழக்குங்கள்.

அடுத்தது கேட்கப் பழக்குவது. உங்கள் மகன் தண்ணி வேண்டும்போது “தண்ணி வேணுமோ?” என்று கேட்பாராக இருக்கும். பல வீடுகளில் இது நடக்கிறது. பெற்றோர் சிரிப்பார்கள், அல்லது கவலைப்படுவார்கள். காரணம் எளிது. ஒவ்வொரு முறையும் தண்ணி வருவதற்கு முன் அவர் காதில் விழுந்தது நீங்கள் கேட்ட கேள்வி. தண்ணிக்கு முன் வருகிற ஓசை இதுதான் என்று அதையே சொல்கிறார். திருத்த வேண்டியது உங்கள் பக்கம்: கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். குவளையைப் பார்க்கிறார் என்று கண்டால், அவர் வாயால் வர வேண்டிய வசனத்தை நீங்கள் சொல்லுங்கள், “தண்ணி தாங்கோ”. சொன்ன உடனே கொடுங்கள். “தண்ணீர் தாருங்கள்” என்று எழுத்துத் தமிழில் பழக்க வேண்டாம். ஊரில் அப்படி ஒருவரும் கதைப்பதில்லை, மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். வெளிநாட்டு வீடியோ பார்த்து ஆங்கிலச் சொல் வருகிறது, ஆகவே வீட்டில் ஆங்கிலம் மட்டும் கதையுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசப் பிள்ளையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மம்மாவோடு கதைக்க முடியாத மொழியால் வீட்டுக்குள் என்ன பயன்?

சொல் வராத இடத்தில் படம். படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கும் முறையை அண்டி பொண்டியும் லோரி ஃபுரொஸ்ட்டும் 1985 இல் உருவாக்கினார்கள். தொடக்கத்தில் இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் பொருளோடு, மற்றவர் பின்னால் இருந்து பிள்ளையின் கையைப் படத்துக்குக் கொண்டுபோக. வீட்டில் அது தவறுவது எங்கே என்றால், சுவர் நிறையப் படம் ஒட்டி “இது என்ன? அது என்ன?” என்று சோதனை வைப்பதில். விருந்தினர் வந்தால் இன்னும் மோசம்: “மாமாக்குச் சொல்லுங்கோ, இது என்ன நிறம்?” பிள்ளைக்குத் தேவையானதை வாங்கத்தான் படம், பரீட்சைக்கு இல்லை. ஐந்து சென்றிமீற்றர்ச் சதுரத்தில் உங்கள் வீட்டுப் பேணியையே படம் எடுத்து, லமினேற் பண்ணி, வெல்குரோ ஒட்டினால் போதும். படம் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

சாப்பாட்டில் வெள்ளை நிறம் மட்டும், புட்டு, இடியப்பம், பாண் என்று நிற்கிற பிள்ளைகளுக்கு ஒரு நேரத்தில் ஒரு குணத்தை மட்டும் மாற்றுங்கள். வெள்ளை இடியப்பத்துக்குப் பதில் சிவப்பு இடியப்பம் பெரும்பாலும் நிறமாற்றம்தான். சொதி ஊற்றினால் நிறம், ஈரம், மணம் மூன்றும் மாறுகிறது. தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி சொதி ஒரு கிழமை சும்மா இருக்கட்டும், தொடச் சொல்லாதீர்கள். பால், கோதுமை நிறுத்தினால் ஓட்டிசம் குறையும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. ஏற்கெனவே நாலு சாப்பாட்டில் நிற்கிற பிள்ளையிடமிருந்து இரண்டைப் பறித்தால் நட்டம்தான் மிஞ்சும். மலசலகூடப் பழக்கத்துக்கு முன் மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோகிற இடத்துக்கு எந்தப் பிள்ளையும் விரும்பிப் போகாது.

இப்போது பள்ளிக்கூடம்.

இலங்கையில் 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். ஓட்டிசம் என்பதற்காக அந்த உரிமை இல்லாமல் போவதில்லை. உங்கள் முன் மூன்று வழி இருக்கிறது. சாதாரண வகுப்பு, சாதாரண பாடசாலைக்குள் இயங்கும் விசேட கல்வி அலகு, கோண்டாவில் சிவபூமி போன்ற விசேட பாடசாலை. மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள். உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம், எந்தப் பாடசாலையில் அலகு இயங்குகிறது, இப்போது எத்தனை பிள்ளை, எத்தனை ஆசிரியர் என்று கேளுங்கள். அயலாரிடம் கேட்டால் பத்து வருடத்துக்கு முந்திய நிலவரம்தான் கிடைக்கும்.

மாற்றுவதற்கு முன், கதிரையில் ஏன் இருக்கிறார் இல்லை என்பதைப் பாருங்கள். பல பாடசாலைகளில் ஒரே மண்டபத்துக்குள் தட்டி மறைத்து மூன்று நாலு வகுப்பு. பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்லும், மின்விசிறி கிறீச்சிடும், ரீச்சர் 40 நிமிடம் விளங்காத வேகத்தில் கதைப்பார். இதில் இருக்காமல் எழும்பிப் போவது நியாயமான முடிவு. கதவுக்கும் விசிறிக்கும் தள்ளி, சுவரோரம், வரிசையின் முடிவில் இடம் கேளுங்கள். மேசையின் இடப்பக்கம் செய்ய வேண்டிய மூன்று தாள் உள்ள தட்டு, வலப்பக்கம் முடிந்ததைப் போடும் பெட்டி. எவ்வளவு வேலை, எப்போது முடியும் என்பது கண்ணுக்குத் தெரியும். 1972 இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஓட்டிசம் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய ரீச் (TEACCH) முறையின் அடிப்படை இதுதான், ஒரு பழைய சப்பாத்துப் பெட்டியோடு இங்கேயும் நடக்கும். இருக்கிற நேரத்தை ஐந்து நிமிடத்தில் தொடங்கி, ஒரு கிழமை சரியாகப் போனபின் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். ஆறு கிழமை இதைச் செய்ய அந்த வகுப்பு ஒத்துழைத்தால் அங்கேயே வைத்திருக்கலாம். ஒத்துழைக்காமல், மகன் நாள் முழுக்கப் பின்வாங்கில் ஒரு உதவியாளோடு சும்மா இருக்கிறார் என்றால், பெயர் “சாதாரண வகுப்பு” என்பதற்காக அதைக் கட்டிப்பிடிக்க வேண்டாம்.

விசேட அலகையோ பாடசாலையையோ பார்க்கப் போனால், சுவரில் தொங்கும் சித்திரத்தைப் பார்க்காதீர்கள். இடைவேளையில் போங்கள். சாப்பாட்டுப் பெட்டியை யார் திறக்கிறார்கள்? பிள்ளைகள் எதையாவது கேட்கச் சந்தர்ப்பம் இருக்கிறதா, அல்லது எல்லாம் கேட்காமலே கிடைக்கிறதா? ஒரு பிள்ளை கத்தினால் ரீச்சர் சத்தத்தைக் குறைக்கிறாரா கூட்டுகிறாரா? மலசலகூடத்தில் கதவு சாத்துகிறார்களா? பத்துப் பிள்ளைக்கும் ஒரே நிறந்தீட்டல் தாள் கொடுத்திருந்தால் அங்கே தனியாள் கல்வித் திட்டம், அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக இலக்கு எழுதும் திட்டம், நடைமுறையில் இல்லை.

அந்தத் திட்டத்தைப் பற்றி: “சமூகத் திறன் மேம்படும்” என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மேம்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. “இடைவேளை மணி அடித்ததும் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறந்து, சாப்பிட்டு, மூடிப் பைக்குள் வைப்பார், ஒரு சைகைக்கு மேல் உதவி இல்லை, கிழமையில் 5 நாளில் 4 நாள்” என்று இருக்க வேண்டும். ஒரு தவணைக்கு இப்படி மூன்று நாலு போதும். அதில் ஒன்றாவது வீட்டிலும் அதே வரிசையில் நடக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கை கழுவுகிற பிள்ளை வீட்டில் கழுவாமல் விடலாம். குழாய் வேறு, சவர்க்காரம் வேறு, ஆள் வேறு. ஓட்டிசத்தில் ஒரு இடத்தில் பழகியது இன்னொரு இடத்துக்குப் பெரும்பாலும் தானாகப் போகாது. நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

“குழப்படி” என்று கொப்பியில் எழுதி அனுப்பினால், மூன்று விஷயம் கேளுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை சரியாக என்ன செய்தது, உடனே பின் என்ன நடந்தது. பத்து நாள் குறித்தால் கோலம் தெரியும். எழுத்து வேலை தொடங்கும்போது கடித்தால், கடித்ததும் வெளியே அனுப்பினால், கடி வேலை செய்கிறது. அதே இடத்தில் “ஓய்வு” என்ற அட்டையைக் கொடுத்தால் இரண்டு நிமிடம் வெளியே போகலாம் என்று பழக்குங்கள். கடித்துப் பெறுவதைவிட அது சுலபமாக இருக்க வேண்டும். இன்னொன்று: அழுதால் போன் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினால் முதல் சில நாள் அழுகை முன்பைவிடக் கூடும். அந்த உச்சத்தில் மனம் இளகிக் கொடுத்தால், இனி உச்சத்துக்குப் போனால்தான் கிடைக்கும் என்று படிப்பித்துவிட்டீர்கள். தாங்க முடியாது என்று தெரிந்தால் தொடங்கவே வேண்டாம்.

சத்தத்தால் வரும் குலைவு வேறு. அது எதையும் பெறுவதற்கு அல்ல. நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போக விருப்பமென்றால், 25 நாளில் கூட்டம் குறைந்த ஒரு நாள் காலையில், காதுமூடியோடு, பத்து நிமிடம். தவில் தொடங்கியபின், அழத் தொடங்கியபின் வெளியேறுவதைவிட, நல்லாக இருக்கும்போதே திரும்புங்கள்.

ஏழு வயதிலேயே 17 வயதை நினைத்துப் பழக்க வேண்டியவை சில. வருகிறவர்களை எல்லாம் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவது இப்போது வடிவு, பத்து வருடத்தில் பொலிஸ் விஷயம். இன்றே “வணக்கம்” பழக்குங்கள். உடுப்பு மாற்றுவது அறைக்குள், கதவு சாத்தி, இன்றிலிருந்து. பெண்பிள்ளை உள்ளவர்கள் 9 வயதில், மாதத்தில் இரண்டு நாள் சில மணிநேரம் பாட் வைத்துப் பழக்கினால், முதல் இரத்தம் வரும்போது ஒட்டுவதும் மாற்றுவதும் கையில் இருக்கும். சாமத்தியச் சடங்கில் பட்டும் பூவும் நகையும் வீடியோ வெளிச்சமுமாக மூன்று மணிநேரம் இருத்துவதா என்பதைப் பிள்ளையின் பொறுதியைப் பார்த்து முடிவெடுங்கள், சனத்தின் வாயைப் பார்த்து வேண்டாம்.

காசுக்கு, கூட்டல் கழித்தல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. “அடுத்த நூறு” பழக்கினால் போதும். கடைக்காரர் 340 என்றால் மூன்று நூறு எண்ணி, இன்னும் ஒரு நூறு. நூறு ரூபாய்த் தாள் மட்டும் உள்ள ஒரு பேர்ஸ், தெரிந்த ஒரு கடை, ஒரே ஒரு பொருள். முதலில் நீங்கள் பக்கத்தில், பிறகு கடை வாசலில், பிறகு சந்தியில். கடைக்காரரிடம் முன்பே சொல்லுங்கள், “நான் சொல்ல மாட்டன், அவர் கேக்கும்வரைக்கும் பொறுங்கோ” என்று.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். இரண்டு வேலை, அதற்கு மேல் இல்லை. ஒன்று குளிப்பின் கடைசிப் படி, மற்றது ஒரு பொருளைக் கேட்பது. சுவர்க் கலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் உதவியில்லாமல் செய்தால் சரிக் குறி, விரலால் காட்டினால் புள்ளி, கை பிடித்தால் பெருக்கல் குறி. அம்மம்மாவும் அதே குறி போடட்டும். மூன்று கிழமையாகப் பெருக்கல் குறியே நிற்கிறது என்றால் பிள்ளைக்கு வராது என்று அர்த்தமில்லை, படி பெரிது. துவாயை விரிப்பதை, கொடிக்கு மேலால் எறிவது, நுனியைப் பிடித்து இழுப்பது என்று இரண்டாக வெட்டி, இழுப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.